இருவரும் கட்டாயம்

"வூட்டுல ஃபேன் பாக்க வர்றாங்கன்னு உனுக்கு ஒரு நாள் லீவா?" என்று சூப்பர்வைசர் பிரவீன்குமார் கேட்டதும், கேன்டீனில் பத்துப் பேர் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

இசக்கிபாண்டி போனை நீட்டினான்.

"ஃபேன் மட்டும் இல்ல சார். லைட்டு, ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் பாத்து, கரண்ட எப்படி மிச்சம் பிடிக்கலாம்னு சொல்லித் தருவாங்களாம். கரண்ட் ஆபீஸ்ல ஏதோ புதுத் திட்டம். வீட்டுல அவதான் பேரு குடுத்திருந்தா. வந்த மெசேஜ எனக்கு அனுப்பியிருக்கா, பாருங்க."

"உன் சம்சாரம் இருந்தா போதாதா?"

"கடைசி வரியப் படிங்க சார்."

பிரவீன்குமார் சத்தமாகப் படித்தார். "'கணவன், மனைவி இருவரும் கட்டாயம் வீட்டில் இருக்கவும். நாள் முழுவதும்.' இன்னாய்யா இது, நாள் முழுக்க? வூட்ட இடிச்சுக் கட்டப் போறாங்களா?"

"ஆபீஸ்ல சொல்லுதாங்க சார். நாம என்ன செய்ய முடியும்?"

முகத்தை அவ்வளவு பாவமாக வைத்துக்கொள்ள அவன் காலையிலேயே கண்ணாடி முன் நின்று பழகியிருந்தான். அந்தக் கடைசி வரியைப் படித்ததிலிருந்தே அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

கல்யாணமாகி எட்டு மாதம். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து சேரப்பணஞ்சேரியில் ஒற்றை அறை பிடித்திருந்தார்கள். அவனுக்கு ஒரகடத்தில் பகல் ஷிஃப்ட். அவன் மனைவி சுகப்பிரியாவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நைட் ஷிஃப்ட். இரண்டு மாதமாக இரண்டு கம்பெனியிலும் ஆர்டர் நெரிசல், வார லீவிலும் ஓ.டி. படுப்பது ஒரே பாயில்தான். ஆனால் அவள் பகலில், அவன் இரவில். போன் பேசலாமென்றால் ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்கிக்கொண்டிருப்பார். சாயங்காலம் இருவர் பஸ்ஸும் ரோட்டில் எதிரெதிரே கடக்கும். அந்த ஒரு நொடிக்காகத் தினமும் சண்டை போட்டு ஜன்னலோரம் உட்காருவான். அவள் எதிர் பஸ்ஸில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவாள்.

அவளிடமிருந்து அவனுக்குக் கிடைத்ததெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்த கடிதங்கள்தான். 'ஃபேன் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நிறுத்திட்டுப் போங்க.' மறுநாள், 'சார்ஜர் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க.' ஒரு நாள் மனசு தாங்காமல், 'உன்னப் பாக்கணும் போல இருக்கு' என்று எழுதி வைத்தான். 'ஃப்ரிட்ஜ் கதவு சரியா மூடலை' என்று பதில் வந்தது. இவளுக்குப் புருஷனைவிட மீட்டர் மேல்தான் பாசம் என்று அவனுக்குப் பெரிய குறை.

பிரவீன்குமார் தலையைச் சொறிந்துவிட்டு அவனை எச்.ஆர். யுவஸ்ரீயிடம் அழைத்துப் போனார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"சூப்பர்! நமக்கு மின்சேமிப்பு வாரம் வருது. நோட்டீஸ் போர்டுக்கு ஒரு ஃபேமிலி போட்டோ தேடிட்டிருந்தேன். லீவு எடுத்துக்கோங்க. பிரவீன், நீங்க போய் போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க."

"சார் எதுக்கு மேடம்? நானே செல்ஃபி எடுத்து அனுப்பிருதேன்."

"செல்ஃபில சீலிங் ஃபேன் விழாது."

சரி, போட்டோவுக்குப் பத்து நிமிஷம் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆபீசர் பத்து மணிக்கு வந்தாலும் பதினொன்றுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு சாயங்காலம் அவள் பஸ் வரும்வரை அவர்கள் ராஜ்யம். யாரும் கதவைத் தட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக வீட்டுச் சொந்தக்காரி இந்திராணியிடம் போனான்.

"அக்கா, வியாழக்கிழமை கரண்ட் ஆபீஸ்லருந்து வாராங்க. ரகசியமான சோதனையாம். யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாதாம்."

ரகசியம் என்ற சொல்லை இந்திராணியிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"இன்னாப்பா இது? ஓசில வந்து பாக்கறாங்க, எனுக்குச் சொல்லாம வுட்டுடுவியா? என் கிரைண்டர் கரண்ட்ட எப்டி குடிக்குது தெரியுமா? அதையும் பாக்கச் சொல்லு."

வியாழக்கிழமை காலை ஏழரைக்குச் சுகப்பிரியா வந்தாள். தூங்கவில்லை. குளித்துவிட்டு, தலை தீபாவளிக்கு அவன் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். பூவும் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் படுக்கக் கூடாதா?"

"ஆபீசர் வரும்போது தூங்குனா நல்லாவா இருக்கும்?"

ஆபீசருக்காகவா இந்தச் சேலை என்று நினைத்து அவன் நொந்துபோனான். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

"சீக்கிரமே வந்துட்டேன் பாண்டி. டிபன் கூட சாப்டல," என்றபடி பிரவீன்குமார் வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இட்லி வெந்து முடிவதற்குள் இந்திராணியின் கிரைண்டர் இரண்டு ஆள் தூக்க உள்ளே வந்தது. பின்னாலேயே பக்கத்து அறைக்காரர்கள் மிக்சியும் அயர்ன் பாக்ஸும் டேபிள் ஃபேனுமாக வந்தார்கள். பத்து மணிக்கு ஆபீசர் எழிலரசி வந்தபோது அவர் நிற்க இடமில்லை.

எழிலரசி தங்கமான பெண். யாரையும் போகச் சொல்லவில்லை.

"ஒண்ணொண்ணா பாக்கலாம். அவசரமில்லை."

ஒவ்வொரு சாமானையும் கருவியில் மாட்டி அளந்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். பதினொன்றானது. பன்னிரண்டானது. நடுவில் போட்டோவுக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவள் தோள் அவன் தோளில் பட்டது. இரண்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கொஞ்சம் தள்ளித் தள்ளி நில்லுங்கப்பா, ஃபேன் மறைக்குது," என்றார் பிரவீன்குமார்.

அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. "எல்லாத்தையும் மொத்தமாப் போட்டு அளந்துருவோம் மேடம்!" என்று, அவர் வேண்டாம் என்பதற்குள் இருந்த சுவிட்சையெல்லாம் தட்டினான்.

டப்பென்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

லைன்மேன் கொம்பையா வந்து சரிசெய்ய நாலு மணியானது. அதுவரை அந்தப் பத்துக்குப் பத்து அறையில் காற்றில்லாமல் ஒன்பது பேர். அவன் ஃப்ரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கோடியில் அடுப்படியில் எல்லோருக்கும் சுகப்பிரியா மோர் கலக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். உதடு துடித்தது. கரண்ட் போன கவலையாக்கும் என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எல்லோரும் கிளம்ப ஐந்து மணி. ஐந்தரைக்கு அவள் பஸ். எழிலரசியை வாசல்வரை கொண்டுவிடப் போனவன் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டான்.

"மேடம், அடுத்த மாசமும் ஒரு தடவ வாங்களேன். ரெண்டு பேரும் கட்டாயம் இருக்கணும்னு இதே மாதிரி மெசேஜ் போட்டுருங்க."

"ரெண்டு பேருமா?" எழிலரசி தன் போனில் தேடி எடுத்துக் காட்டினார். 'வீட்டில் யாராவது ஒருவர் இருந்தால் போதும். அரை மணி நேரம் ஆகும்.' அதற்குக் கீழே வேறு ஒரு வரியும் இல்லை.

"நாங்க அனுப்பினது இவ்வளவுதான் சார். உங்க வீட்டம்மாதான் அன்னிக்கே போன் பண்ணி, 'நாங்க ரெண்டு பேரும் இருந்தா தப்பு ஒண்ணும் இல்லையே மேடம்'னு கேட்டாங்க."