வெள்ளிச் சாமியின் பழுப்புக் குப்பி

வெள்ளியால் என்னதான் ஆகாது? கொலுசாகும், அரைஞாணாகும். ராஜாக்கள் காலத்தில் காசானது. டெல்லி பர்பியின் மேல் தகடாக ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள்ளும் போகும். எழுபத்தெட்டாம் வருஷக் கோடையில் டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் அது திருடனையும் பிடித்துக் கொடுத்தது!

உபயம், வெள்ளிச் சாமி. பழைய பெயர் ஜம்பு. செம்புத் தண்ணீரில் வெள்ளிப் பாதுகையை முக்கியெடுப்பார். அந்தத் தீர்த்தத்தை உள்ளங்கையில் தடவி வெயிலில் நிறுத்துவார். திருடன் கை மட்டும் கறுத்துவிடுமாம். ரேஷன் கடையைவிட நீளமான வரிசை. பெரிய ஆபீசர்கள்கூட அரைநாள் லீவு போட்டு நின்றார்கள்.

குவார்ட்டர்ஸில் கீழ் வீட்டு ஜெயலட்சுமியின் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணவில்லை. சாமி அவளைத் தனியே கூப்பிட்டு, "யார் மேலம்மா சந்தேகம்?" என்றார். பாத்திரம் தேய்க்கும் பவுனு மேல் என்றாள். அந்த வீட்டுக்கு வந்துபோகும் ஐந்து பேர் கையில் தீர்த்தம் வைத்தார். பவுனுவின் கை மட்டும் கறுத்தது. தெய்வத்துக்கும் வீட்டுக்காரருக்கும் எப்படியோ ஒரே ஆள் மேல்தான் சந்தேகம் வருகிறது.

"நான் எடுக்கலம்மா! எம் புள்ளைங்க மேல சத்தியம்!"

"அதான் கையே சொல்லுதே! நாளைக்குள்ள கொண்டு வந்து வை. இல்லேன்னா போலீஸ்தான்."

பவுனு சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மண் போட்டுத் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. மாடி வீட்டுக் கலியமூர்த்தியிடம் போய்க் கையை நீட்டி அழுதாள். அவர் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில் வேலை பார்ப்பவர். அந்தக் கையைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார். அதே கறுப்பு!

"எதுலேருந்து தொட்டு வெச்சாரு?"

"மத்தவங்களுக்குச் செம்புலேருந்துங்கய்யா. எனக்கு மட்டும் சின்னதா ஒரு பழுப்புக் குப்பி."

மறுநாள் காலை பவுனுவோடு வரிசையில் முதல் ஆளாக நின்றார். "சாமி, இவ இடது கையில செம்புத் தீர்த்தம் வைங்க. குப்பித் தீர்த்தத்த உங்க வேட்டியில வைங்க. சேர்ந்து வெயில்ல நிப்போம்."

"தெய்வத்தைச் சோதிக்கிறியா? அபசாரம்!"

கூட்டத்துக்குச் சாமி மேல் அபார நம்பிக்கை. அதுதான் வினையாயிற்று. "வைங்க சாமி! உண்மைதானே ஜெயிக்கும்!" என்றார்கள். ஒரு சர்தார்ஜி, "அச்சா, கரோ பாபா!" என்று உற்சாகப்படுத்தினார்.

வேறு வழியில்லாமல் சாமி இரண்டையும் வைத்தார். பதினோரு மணி வெயில். பவுனுவின் இடது கை சுத்தமாக இருந்தது. சாமியின் வெள்ளை வேட்டியில் பழுப்பாகத் தெரிந்த புள்ளிகள் மெல்லக் கறுத்தன.

"பிடிங்க! வேட்டிதான் சிமிழைத் திருடியிருக்கு!" என்றார் கலியமூர்த்தி. "இது வெள்ளி உப்புங்க. வெயில் பட்டா கறுக்கும். இதை வெச்சுத்தான் போட்டோவே எடுக்கறோம்."

சிரிப்பு அடங்குவதற்குள் சாமி ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். பாதுகையை மறக்கவில்லை.

ஜெயலட்சுமி, "அப்போ என் சிமிழ்? வேற நல்ல சாமியா யாராவது இருக்காங்களா?" என்றாள்.

"பீரோவில தேடினீங்களா அக்கா?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

"இல்லியே... சாமிதான் இருக்காரேன்னு..."

சிமிழ் பட்டுப்புடவை மடிப்புக்குள் இருந்தது. பவுனு கறுத்த கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏம்மா, என் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தீங்களே, உங்க பீரோவ ஒரு தரம் திறந்து பாக்கத் தோணலியா?"

ஜெயலட்சுமி பீரோவை மறுபடி பூட்டினாள். பவுனுவின் கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரிந்தால், அடுத்த சாமி வருவதற்குள் சொல்லிவிடுங்கள்.