வருகைப் பதிவேட்டில் பிறந்த திருநாள்

லண்டன் செவன் கிங்ஸில் செல்வமலர் வீட்டு வரவேற்பறைச் சுவரில் பத்துச் சான்றிதழ்கள் தொங்குகின்றன. மகள் தனுஷியா பத்து வருடமாய் ஒருநாளும் விடாமல் பள்ளிக்கூடம் போனதற்குக் கிடைத்தவை. காய்ச்சலென்ன, பனியென்ன, பிள்ளை போனாள். பதினோராவதுக்கு ஆணியும் அடித்தாயிற்று.

இந்த நேரம் பார்த்துத்தான் தனுஷியா ஒரு வெள்ளிக்கிழமை, 'நான் யார்?' என்ற தமிழ் மாணவர் மாநாட்டுக்குப் போனாள். போனவள் சும்மா வந்தாளா? கழுத்தில் அட்டை, நடையில் ஒரு மிடுக்கு, தன் அடையாளத்தைக் கண்டுபிடித்த பூரிப்பு. திங்கட்கிழமை வருகைப்பதிவு அலுவலர் பிறேமினி அவளை வாசலிலேயே மறித்து, தாயையும் அழைப்பித்தார்.

பிறேமினியும் யாழ்ப்பாணத்து ஆள்தான். ஆனால் வேலை நேரத்தில் கொம்பியூட்டர் சொல்வதுதான் அவருக்கு வேதம். பள்ளிக்கு வராமல் விட நோய், மரணம், சமயத் திருநாள் என்று மூன்றே காரணங்கள் அதில் உண்டாம். தன்னைத் தேடிப் போனவர்களுக்கு இடமில்லையாம். காரணமில்லாவிட்டால் சான்றிதழும் இல்லையாம்.

செல்வமலரின் கண்முன் அந்த வெறும் ஆணிதான் நின்றது.

"திருநாள் எண்டே போடுங்கோ."

"என்ன திருநாள்?"

"நான் யார் திருநாள்."

"விரதம் இருக்கிறதோ?"

"ஓம். மரக்கறி."

வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் எப்போதும் மரக்கறிதான், ஆகவே அது முழுப் பொய்யுமில்லை. வாய் திறக்கப்போன மகளின் காலைத் தாய் மிதித்தாள். பதினோராவது சான்றிதழ் ஆணியில் ஏறியது.

அடுத்த வருடம் பள்ளி நாட்காட்டியில் திருநாள் அச்சாகி வந்தது. பள்ளி அதிபர் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் வாழ்த்துமடல் அனுப்பினார். அச்சில் வந்த பிறகு யார் மறுப்பது? ஈஸ்ட் ஹாம் கடைகளில் விசேட சேலைகள் இறங்கின. வாட்ஸ்அப்பில் சுபநேரம் வந்தது. ஹவுன்ஸ்லோக்காரர் மட்டும், உண்மையான திருநாள் முதல் நாளே முடிந்துவிட்டதென்று சண்டைக்கு நின்றார்கள். திருநாள் விருந்துக்கு மண்டபம் போய்விட்டதால் அந்த வருடம் மாநாடு நடக்கவில்லை.

மாநாடுதான் இல்லை, பன்னிரண்டாவது சான்றிதழாவது மிஞ்சட்டும் என்று தனுஷியா திருநாளன்று காலை பையைத் தூக்கினாள். புதுச் சேலையில் நின்ற செல்வமலர் பையைப் பிடித்து இழுத்தாள். "நல்ல நாளும் அதுவுமாய்ப் பள்ளிக்கூடமோ? நீயும் ஒரு தமிழ்ப் பிள்ளையோ?"

பள்ளியில் பிறேமினி, நெற்றியில் திருநீறும் சந்தனமுமாய், கொம்பியூட்டரைத் தட்டினார். "வந்தவ எண்டு போட ஏலாது பிள்ளை, இண்டைக்கு உம்மடை திருநாள். திருநாளுக்கு வீட்டிலை நிண்டவ எண்டும் போட ஏலாது, நீர் இஞ்சை நிக்கிறீர்." கடைசியில், காரணமின்றி வராதவர் என்று பதிவானது. அதோடு சான்றிதழும் போயிற்று.

பன்னிரண்டாவது ஆணியில் இப்போது அதிபரின் வாழ்த்துமடல் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன்முன் கண்மூடி நின்ற பிறகுதான் தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். தனுஷியாவும் நிற்கிறாள். நிற்காவிட்டால் நீ யாரென்று கேட்பார்களே.