எந்தக் கால்?

சும்மா இருக்கத் தெரியாதவர்களை வேலை தேடி வரும். என்னை அது நான்கு காலில் தேடி வந்தது. இன்று காலையும் அதை நடத்திக் கொண்டுபோய் வந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். செருப்புக்குள் மணல், கையில் குதிரை வாடை, கண்ணில் பாதித் தூக்கம்.

எங்கள் வீடு கல்லடியில். அப்பாவிடம் ஒரு கிழக் குதிரை. வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த நுவரெலியாவிலிருந்து வந்ததால் பெயர் துரை. (பெயருக்கேற்ற மரியாதையும் உண்டு. "துரை சாப்பிட்டாரா?" என்று கேட்கும் அம்மா என்னைப் பற்றி அப்படி விசாரித்ததில்லை.) ஞாயிறு பின்னேரங்களில் கடற்கரைக்கு வரும் சிறுபிள்ளைகளை ஏற்றி நடப்பதுதான் அவர் உத்தியோகம். வயது ஏற, காலையில் கயிற்றை அவிழ்த்ததும் முதல் சில அடிகளை விறைப்பாக, லேசாக நொண்டியபடி வைக்கத் தொடங்கினார்.

நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். படித்தது உயிரியல். அதில் குதிரை வரவில்லை என்பது எனக்கு ஒரு தடையாகத் தெரியவில்லை. கைப்பேசியில் கிடைத்த நொண்டிக் குதிரை வீடியோக்களையெல்லாம் பார்த்து முடித்தேன்; துரை நடப்பதையும் அதில் பிடித்துவைத்தேன். நோகிற முன்னங்கால் நிலத்தில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். இவ்வளவுதானே.

"அப்பா, துரைக்கு இடது முன்னங்கால்," என்றேன். மறுநாள், "இல்ல, வலது," என்றேன்.

"நாளைக்கு வாலா மகள்?" என்றார் அப்பா.

அந்த அவமானத்தில்தான் பாலம் கடந்து மிருக வைத்தியரின் கந்தோருக்குப் போனேன். மாமரத்தின் கீழ் ஆடுகளும் ஆட்டுக்காரர்களும். டொக்டர் ஏற்கெனவே களைத்திருந்தார்.

"எந்தக் கால்?"

"முன்னங்கால், டொக்டர். எந்தப் பக்கம் எண்டதுதான் தெரியல்ல."

"சரி, நடக்கிறதக் காட்டுங்க பாப்பம்."

கையிலிருந்த கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு முற்றத்தில் இறங்கினேன். இடது காலை விறைப்பாக வைத்தேன், தலையைத் தூக்கினேன். வலதை வைத்தேன், தலையைத் தாழ்த்தினேன். தண்ணீர்க் குழாய் வரைக்கும் அப்படியே போனேன். திரும்பும்போது துரை இடுப்பைக் கொஞ்சம் இழுப்பார்; அதையும் விடவில்லை. இடையில் மூக்கால் ஒரு சத்தமும் விட்டேன். (அது நோய்க்குறியில் சேராது. ஒரு ஈடுபாட்டில் வந்தது.) ஆடுகள்கூட மெல்லுவதை நிறுத்தியிருந்தன.

"தங்கச்சி," என்றார் டொக்டர், "நான் போனில இரிக்கிற வீடியோவக் கேட்டன்."

மாமரத்தடியில் ஒரு ஆட்டைப் பிடித்தபடி இருந்த அம்மா ஒருவர், வாங்கில் எனக்கு இடம் விட்டார். "இரி மனே, நிக்காத. ஆர்ர பிள்ள நீ?"

"கல்லடி. குதிரக்காரர்ர மகள்."

அவர் முகம் சட்டென்று மாறியது. ஒரு குதிரைக்காக இப்படிக் கவலைப்பட மட்டக்களப்பில் இன்னும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே கலியாணத் தரகர் அம்மாவை அழைத்தார். அக்காவுக்கு நாவற்குடாவில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் ஒரே கந்தோரில் வேலை. அக்காவுக்கு அவரைப் பிடித்தும் இருந்தது. (மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு வரப்போவதால் அம்மாவுக்கும் பிடித்திருந்தது. தென்னை மரத்தில் ஏறக்கூடிய ஆள்.)

"மாப்பிளட தாய் ஆட்டோட போன இடத்தில பிள்ளய நேர்ல கண்டிட்டாவாம்," என்றது தரகரின் குரல். அம்மா மலர்ந்தார். "பிள்ளைக்குக் கால் கொஞ்சம் இழுக்குதாம். நடக்கக்க தலையும் ஆடுதாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். "இது குழம்பிச்செண்டா நான் வேற ஆரையும் கட்டமாட்டன். உன்னோடயும் கதைக்கமாட்டன்."

இதற்கிடையில் டொக்டர் வீட்டுக்கே வந்து துரையின் மூட்டுகளை மடக்கிப் பார்த்தார். "வயசுபோன மூட்டு. ஆக்கள ஏத்திறத நிப்பாட்டுங்க. கட்டியே வைக்காம, காலையில மணல்ல மெல்ல நடத்துங்க. நடக்க நடக்க இளகும்."

மகன் சொல்லியும் தாய் நம்பாததால், மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பதென்று முடிவானது. துரையை நடத்திக் காட்டினால் உண்மை விளங்கிவிடும் என்பது எங்கள் திட்டம். அன்று காலை நான் என்ன செய்தேன்? விருந்தாளிகள் வருகிறார்கள், துரை கொஞ்சம் உற்சாகமாக இருக்கட்டுமே என்று கடற்கரையில் நெடுநேரம் நடத்தினேன். கடைசியில் துரை என் இடது பாதத்தில் ஏறி நின்று கடலைப் பார்த்தார்.

மாப்பிள்ளையும் தாயும் கதிரைகளில் இருந்தார்கள். அக்கா பிளேன்ரீக் கோப்பைகளோடு நேராக நடந்து வந்தாள். தாய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "நான் கண்டது இவவ இல்லயே," என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா என்னை வாழைப்பழத்தோடு கூப்பிட்டார்.

வீங்கிய பாதத்தோடு வந்தேன். நோவில் ஒவ்வொரு அடிக்கும் தலை தானாக எழும்பியது.

"தலையும் ஆடுது," என்றார் தாய், மெல்ல.

"இவ குதிரயப்போல நடந்து காட்டினவ," என்றார் அம்மா. சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கு விளங்கியது.

அப்பா துரையை முற்றத்தில் நடத்தினார். காலை முழுதும் நடந்து இளகியிருந்த துரை, கழுத்தை நிமிர்த்தி மிடுக்காக நடந்து காட்டினார். நொண்டல் இல்லை, ஆட்டமும் இல்லை.

"நல்லாத்தானே நடக்கிறார்," என்றார் தாய். "இளையவக்கு இப்பிடியெண்டா, நாளைக்கு மூத்தவக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கும்..." அக்கா சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள்.

அப்பா துரையை முருங்கையில் கட்டினார். கலியாணப் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. ஆனால் மாப்பிள்ளை எழும்பவில்லை. இன்னொரு பிளேன்ரீ கேட்டார். அது முடிய இன்னொன்று கேட்டார். நல்ல மனிதர்; எங்களுக்காக நேரத்தை இழுக்கிறார் என்று விளங்கினாலும், நாங்கள் எல்லோரும் வெக்கையில் வாடிக் கிடந்தோம்.

கடைசியில் தாய் கதிரையின் கைப்பிடிகளை ஊன்றி எழுந்தார். முதல் அடி விறைத்தது. அடுத்த அடியில் தலை எழும்பியது, பிறகு தாழ்ந்தது. வழி விடுவதற்காக அப்பா துரையை அவிழ்த்தார். இவ்வளவு நேரமும் நின்று விறைத்திருந்த துரையும் முதல் அடியை நொண்டி வைத்துத் தலையைத் தூக்கினார். கதிரையை விட்டு எழுந்தவரும் குதிரையும் ஒரே தாளத்தில் வாசல் படலையை நோக்கிப் போனார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை மட்டும் இருமினார்.

தாய் நின்றார். துரையைப் பார்த்தார். "நிண்டு போட்டு வெளிக்கிட்டா இவருக்கு இப்பிடியா?"

"ஓம். கொஞ்சம் நடந்தாச் சரி," என்றார் அப்பா.

"எனக்கும் அப்பிடித்தான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அண்டைக்கு நடந்தது சரிதான் மனே. கொஞ்சம் கூட்டித்தான் நடந்த."

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் படித்த படிப்பு விடவில்லை. "எந்தக் கால், மாமி?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மாமி கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும்," என்றார்.

கலியாணம் நடந்தது. அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே, மூட்டுக்கு நல்லதென்று, மாமியும் காலை நடைக்கு வரத் தொடங்கினார். கயிற்றின் ஒரு பக்கம் துரை, மறுபக்கம் மாமி, நடுவில் நான். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்பார். அவர்கள் இருவருக்கும் நடக்க நடக்க இளகுகிறது. எனக்குத்தான் நடக்க நடக்க விறைக்கிறது.

இதை எழுதி முடித்துக் கதிரையிலிருந்து எழும்பினேன், கொஞ்சம் மெதுவாக. குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எந்தக் கால்?"

"ரெண்டும்," என்றேன்.