ரிஜெக்ட் அண்ணன் ஆஸ்பத்திரி பார்க்கப் போனார்

கடவுளே நேரில் வந்து நின்றாலும் ரிஜெக்ட் அண்ணன் ஒரு சுற்று சுற்றிவந்து, "எடது காது ஒரு பொட்டு கீழ இருக்குதே" என்றுதான் சொல்லியிருப்பார்.

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதிப்பவர் அவர். தேறினால் பச்சைச் சீட்டு, சந்தேகமென்றால் மஞ்சள், தேறாவிட்டால் சிவப்பு, அதாவது ரிஜெக்ட். நூல் கோத்த சின்ன அட்டைகள். பொருளிலேயே கட்டிவிட வேண்டும். அண்ணனின் சட்டைப் பையில் சிவப்புக் கட்டு மளமளவென்று கரையும். பச்சைக் கட்டு மட்டும் ஸ்டோரில் வாங்கிய நாளிலிருந்து ரப்பர் பேண்டு பிரியாமல் கிடந்தது. சொந்தப் பெயர் என்னவென்று அவரே மறந்திருப்பார்.

ஒருநாள் கேன்டீனில் ஓட்டை நடுவில் விழவில்லை என்று மெதுவடைக்குச் சிவப்புச் சீட்டு கட்டினார். ஓட்டை இருந்ததால் கட்டுவதற்கு வசதியாகவும் இருந்தது. கேன்டீன்காரர் கரண்டியோடு துரத்தியபோதும், "கரண்டி வளைஞ்சிருக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டேதான் ஓடினார்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, கம்பெனி எங்களுக்கு மருத்துவக் காப்பீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு பிளான். முதலாவதில் மனைவி, பிள்ளைகள் மட்டும். ஆனால் பெங்களூரின் பளபள ஆஸ்பத்திரிகள் எல்லாம் உண்டு. இரண்டாவதில் அப்பா அம்மாவும் சேரலாம், பழைய வியாதிக்கும் செல்லும். ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிகள்தான். சனிக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் பாடு திண்டாட்டம். ஊத்தங்கரைப் பக்கம் நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குக் குடலிறக்கம். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏர் பிடித்துக்கொண்டிருந்தார். இனியும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலோ, குழந்தை தும்மினாலே பெங்களூருதான் என்பது என் மனைவியின் கொள்கை. இரண்டாவது பிளானைப் போட்டு, ஆஸ்பத்திரி மட்டமாக இருந்து, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணனிடம் போய் நின்றேன்.

"சப்ளையர நேர்ல பாக்காம சரக்கு எடுப்பாங்களாப்பா? கெளம்பு, பாத்துட்டு வந்துரலாம்" என்றார்.

ஷிப்ட் முடிந்ததும், பட்டியலில் இருந்த ஓசூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். அண்ணன் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். லிப்டில் காரணமே இல்லாமல் மேலும் கீழும் போய்வந்தார். ஸ்கேல் வைத்துக் கட்டிலின் அகலத்தை அளந்தபோது, ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்கார நர்சம்மா ஒருவர் வந்துவிட்டார்.

"ஏனு சார் இது? யார் பேஷன்ட்?"

"பேஷன்ட் இன்னும் வரலீங்க. நாங்க முன்னாடி வந்திருக்கறம்."

அடுத்தது ஸ்ட்ரெச்சர். அண்ணன் அதில் ஏறி மல்லாந்து படுத்து, "தள்ளு" என்றார். தள்ளினேன். வண்டி இடப்பக்கச் சுவரையே தேடிப் போனது. "லெஃப்ட்ல இழுக்குது. இரு, சத்தம் கேக்கறன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி ஆட்கள் இருவர் வந்து, கண்மூடிக் கிடந்தவரை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கத்திக்கொண்டே ஓடினேன். அண்ணனோ சக்கரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். பில் கட்டச் சொன்னபோதுதான் எழுந்தார். போகிற போக்கில் ஸ்ட்ரெச்சர் கைப்பிடியில் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டு, பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எக்ஸ்ரே மட்டும் மஞ்சள்" என்றார்.

"அப்ப மொத பிளானே போட்டுரட்டுமாண்ணே?" பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்.

"யார்ரா இவன்! ஒரு ரிஜெக்டுக்கு சப்ளையரயே மாத்துவியா? சரி பண்ண வெப்பம். உங்கப்பா பெங்களூர்ல போயி படுப்பாரா? ஓசூருக்கு வரதே பெரும்பாடு. ரெண்டாவதப் போடு. பெத்தவங்களச் சேக்க எடம் குடுத்திருக்கறான், வுடாத."

"நீங்க எதுண்ணே போட்டீங்க?"

"எனக்கு மேல யாரு இருக்காங்க சேக்கறதுக்கு? மொத பிளான்தான்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஜன்னல் கண்ணாடி சரியாக மூடவில்லை என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

மனைவியைச் சமாதானம் செய்து இரண்டாவதையே போட்டேன். அவளும் இரண்டு நாள் உம்மென்று இருந்துவிட்டு, "மாமா நல்லா இருந்தா சரி" என்றாள்.

ஆபரேஷன் அன்று அப்பாவை அதே ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். இடப்பக்கச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நான் போய் நின்றுகொண்டேன். ஆனால் வண்டி சத்தமில்லாமல் நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. நர்சம்மா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க அண்ணா ஞாயித்துக்கெழம ஸ்பேனரோட வந்து புது வீல் மாட்டிட்டுப் போனாரு. வேணாம்னா கேக்கலை."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அப்பா எழுந்து நடக்கத் தொடங்கிய அன்று, அண்ணன் யூனிபார்மோடு வந்தார். ஆபரேஷன் கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லி நர்சம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அப்பாவை ஜன்னல்வரை நடக்கச் சொல்லி, குனிந்து காலையே பார்த்தார்.

"லெஃப்ட்ல இழுக்கலியே" என்றார்.

சட்டைப் பையிலிருந்து பச்சைக் கட்டை எடுத்தார். ரப்பர் பேண்டு மக்கிப்போய் கையோடு வந்தது. முதல் சீட்டை உருவி, அப்பாவின் சட்டைப் பொத்தானில் கட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இதக் காட்டுனாத்தான் ஊருக்கு வுடுவாங்களாட்டம் இருக்குது" என்றார் அப்பா. ஊருக்குப் போகும் பஸ்ஸிலும் அதைக் கையால் பொத்திக்கொண்டே வந்தார். குருபரப்பள்ளி தாண்டும்போது கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். அப்பா மிடுக்காகப் பச்சைச் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

இரண்டு டிக்கெட் நான் வாங்கினேன். சீட்டை அவிழ்க்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை.