மூண்டுதரம் அண்ணை வைத்த பொட்டு

மூண்டுதரம் அண்ணை முறுக்கிய நட்டு இந்தப் பூலோகத்தில் தானாகக் கழன்றதாகச் சரித்திரமே கிடையாது. அவராலேயே பிறகு கழற்ற முடியாமல் போனதுண்டு.

பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே ஓர் அகதிகள் விடுதி. எண்பதுகளின் நடுப்பகுதி. ஓர் அறையில் நாங்கள் நான்கு பேர். அண்ணைக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், நாங்கள் கேட்கவில்லை. வெளியே போகும்போது அறைக் கதவைப் பூட்டி மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார்; பட்டப்பெயர் அதில் வந்தது. பாதிப் படி இறங்கியவர் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். உள்ளே நாங்கள் மூவரும் படுத்திருப்போம். இடுப்பில் பெல்ற் கட்டி, பெல்ற்றுக்கு மேல் ஒரு கயிறும் கட்டுவார்.

தஞ்சம் கேட்கும் அன்ட்ராக்கை, அதாவது விண்ணப்பத்தை, ஒரு தாளும் தவறிவிடக் கூடாது என்று நான்கு மூலையும் ஊசிநூலால் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். விண்ணப்பம் வாங்கும் கந்தோர்ப் பெண் கத்தரிக்கோல் தேடினாள். இரண்டு வருடமாகப் பதில் வரவில்லை. “அண்ணையின்ரை தையலை இன்னும் பிரிக்கினம் போலை” என்று அறையில் சிரித்தோம். எங்களுடைய விண்ணப்பங்கள் தைக்காமலே அதே இடத்தில் கிடந்தன.

வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்டத்தைத் தாண்ட அனுமதி இல்லை. சும்மா இருப்பது இவ்வளவு களைப்பான தொழில் என்று, ஊரில் கணக்குப் படிப்பித்த காலத்தில் நான் நினைத்ததே இல்லை. மத்தியானம் எழும்பினாலும் அலுப்பாக இருக்கும்.

அண்ணை யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போ மெக்கானிக். அவருக்குச் சும்மா இருக்க ஏலாது. விடுதிக்கு எதிரே ஒரு கராஜ் இருந்தது. அதன் முதலாளி, முதுகுவலிக்காரக் கிழவர், உதிரியாக வாங்கிய ஃபைபர் கூட்டைப் பழைய காரொன்றின் அடிச்சட்டத்தில் ஏற்றித் தன் கையாலேயே ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வருடமாகக் கட்டினார். தெருவில் விடுவதற்கு அது பரிசோதனையில் தேற வேண்டும். முன் சஸ்பென்ஷன் ஆடுகிறது என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரியும் என்பதால் அண்ணை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பேச்சு இப்படி முடிந்தது: கார் தேறினால், இந்த மனிதர் தனக்கு வேலைக்கு வேண்டும் என்று கிழவர் கடிதம் தருவார். அந்தக் கடிதம் இருந்தால் அண்ணை வேலை அனுமதி கேட்கலாம். தேறாவிட்டால் கார் பழைய இரும்புக்கு. கடிதமும் இல்லை.

நட்டு கழலாமல் இருக்க அதன் பல்லிடுக்கில் ஸ்ப்ளிட் பின் என்ற கம்பியைக் குத்தி, இரண்டு காலையும் விரித்து மடக்குவார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அடையாளத்துக்கு ஒரு சொட்டு பெயின்ற் வைப்பது கிழவரின் வழக்கம். அந்த வழக்கம் அண்ணைக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. பெயின்ற்தான் பிடிக்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த குங்குமச் சிமிழை எடுத்து, எண்ணெயில் குழைத்து, நட்டுக்கு நட்டு பொட்டு வைத்தார். இது என்ன என்று கிழவர் கேட்டார்.

“லக்” என்றார் அண்ணை. ஜெர்மனில் பூச்சு என்று அர்த்தம். கிழவர் அதற்குமேல் கேட்கவில்லை.

பரிசோதனைக்கு முதல் நாள் நான் காலையிலிருந்து வெளிநாட்டவர் கந்தோரில் வரிசையில் நின்று, நாளைக்கு வா என்ற பதிலோடு கராஜுக்கு வந்திருந்தேன். காருக்கு அடியில் கடைசி நட்டு மிச்சம். கிழவர் அண்ணையைக் கூப்பிட்டார். பின்னையும் சிமிழையும் என் கையில் தந்துவிட்டு அண்ணை எழுந்தார்.

“மாஸ்டர், பின் முதல், பொட்டுப் பிறகு. விளங்கிச்சோ?”

“ஓம்.”

“பின்னின்ரை ரெண்டு காலையும் நல்லா மடக்கிவிடுங்கோ.”

“ஓம் எண்டு சொன்னனெல்லே அண்ணை!”

காலையிலிருந்து நின்ற அலுப்பு. சுலபமானதை முதலில் முடிப்போம் என்று பொட்டை வைத்தேன். கோப்பி குடிக்க வரும்படி கிழவர் சத்தம் போட்டார். போய்விட்டேன்.

மறுநாள் பரிசோதகர் காருக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கி ரோச் வெளிச்சம் அடித்தார். சிரித்துப் பழக்கமில்லாத மனிதர். முதல் பொட்டைக் கண்டு நின்றார். அடுத்ததைப் பார்த்தார். தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பார்த்தார்.

“கொன்ட்ரோல! ட்றை மால்!” என்று அண்ணை மேலேயிருந்து கத்தினார். மூன்று தரம் பார்த்தாயிற்று என்று பொருள். அவரிடமிருந்த ஜெர்மனில் பாதி அதோடு முடிந்தது.

பரிசோதகர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே போய்க் கடைசி நட்டில் நின்றார். பொட்டு இருந்தது. பின் இல்லை. என் கை தானாக ஜாக்கெற் பைக்குள் போயிற்று. பின் அங்கே இருந்தது.

இதைப் பூட்டியது யார் என்று அவர் கேட்டார். அண்ணைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நெஞ்சைத் தொட்டு, “இஷ்” என்றார். நான்தான் என்று அர்த்தம். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது; ஆனாலும் திறக்கவில்லை.

கார் தேறவில்லை. ஆனால் மற்ற நட்டுகளைப்போல ஒழுங்காகப் பூட்டியவற்றைத் தான் கண்டதில்லை என்றும், இந்தப் பின்னைக் குத்திக்கொண்டு அடுத்த கிழமை வரலாம் என்றும் பரிசோதகர் சொன்னார். அடுத்த கிழமையும் தேறாவிட்டால் பழைய இரும்புதான் என்று கிழவர் உறுமினார்.

காரை ட்ரெயிலரில் ஏற்றிவிட்டு, கிழவரின் வான் வண்டியில் மூவரும் நெருக்கியடித்துக்கொண்டு திரும்பினோம். நான் பின்னை எடுத்துக் காட்டினேன்.

“அண்ணை, என்ரை பிழை.”

“தெரியும். என்ரை பொட்டு வட்டமாயிருக்கும். அது கோணல்.”

“பிறகேன் நீங்கள் எண்டு சொன்னனீங்கள்?”

“உங்கடை தஞ்சக் கேஸும் நடக்குதெல்லே. கடதாசியிலை உங்கடை பேர் ஏன்?”

“எல்லாத்தையும் மூண்டுதரம் பாக்கிற மனுசன், அதை மட்டும் ஏன் பாக்கேல்லை?”

அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். “நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள் மாஸ்டர். பிறகென்னத்தைப் பாக்கிறது?”

அடுத்த கிழமை கார் தேறியது. கடிதமும் கிடைத்தது. அதையும் தைக்க அவர் ஊசி தேடினார், நான் ஒளித்துவைத்துவிட்டேன். ஆனால் எனக்கு மறக்காதது கார் தேறியதற்கு முதல் நாள் பின்னேரம்தான். காருக்கு அடியில், அதே கடைசி நட்டு. சிமிழை என்னிடம் நீட்டி, “இந்தமுறையும் நீங்களே வையுங்கோ” என்றுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்க்கவில்லை. ஊரைவிட்டு வந்த பிறகு என்னை அப்படி நம்பிய ஒரே மனிதர் அவர்தான். நான் பின்னைக் குத்தி, மடக்கி, மூன்று தரம் பார்த்தேன். பொட்டு மட்டும் மறுபடியும் கோணலாகத்தான் விழுந்தது.