முதற்பரிசுக் குரங்கு

இந்த வருடம் முதற்பரிசு தனக்குத்தான் என்று சந்திரகுமார் முடிவு கட்டிவிட்டார். கண்டியில் அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தின் நலன்புரிச் சங்கம், ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு புகைப்படப் போட்டி வைத்திருந்தது. வனவிலங்கு, கறுப்பு வெள்ளை, நிழலுருவம் மட்டும். போன வருடம் ஆறுதல் பரிசுகூட இல்லாமல், கூட்டம் முடிந்ததும் கதிரைகளை அடுக்கிவிட்டு வந்தவர் அவர். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

இரண்டு வாரமாக மனைவி நிஷாந்திக்குப் பாடம் நடந்தது. விலங்குக்குப் பின்னால் வானம் மட்டுமே இருக்கவேண்டும். கீழிருந்து எடுக்கவேண்டும். கை உடம்போடு ஒட்டினால் மூட்டை மாதிரி விழும். முகம் தெரியாது, உருவத்தின் விளிம்புதான் பேசும். நிஷாந்தி வெங்காயம் உரித்தபடி 'ம்' கொட்டினாள்.

பிலிமத்தலாவையில் அவர்கள் வீட்டைச் சுற்றிக் குரங்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாடியிலிருந்த தண்ணீர்த் தாங்கியின் மூடியை அவை கழற்றி எறிந்த நாளிலிருந்து நிஷாந்தி அவற்றோடு யுத்தம் நடத்தினாள். தகரத்தைத் தட்டித் தட்டி, மொட்டைமாடிப் பக்கம் ஒன்றையும் அண்டவிடுவதில்லை.

வேறு வழியில்லாமல், வெள்ளிக்கிழமை சாமிக்கு வைத்த வாழைப்பழச் சீப்பில் சந்திரகுமார் கைவைத்தார். அந்தி வெளிச்சத்தில் தாங்கிமேல் ஏறிக் குந்தி, பழங்களை ஒவ்வொன்றாகப் பரப்பினார். பிறகு படிக்கட்டில் பதுங்கினார். ஒரு குரங்கு வந்தது. பழத்தை எடுத்துத் தாங்கியோடு ஒட்டிக்கொண்டு தின்றது. படத்தில் மூட்டைதான் விழுந்தது. மனசு கேட்காமல் அதையே அனுப்பிவைத்தார்.

"சாமிப் பழம் எங்கங்க?" என்று நிஷாந்தி கேட்டாள்.

"குரங்கு தூக்கிட்டுப் போயிருக்கும்."

"ஆமா, நானும் பார்த்தேன்" என்றாள், கோபமே இல்லாமல். தப்பித்தோம் என்று அவர் நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்தார்.

அடுத்த வாரம் அலுவலக அறிவிப்புப் பலகையில் முடிவு ஒட்டியிருந்தது. முதற்பரிசு, திருமதி நிஷாந்தி சந்திரகுமார். படத்தின் பெயர் 'பழத் திருடன்'. வெளிறிய வானத்துக்கு முன்னால், தாங்கிமேல் குந்திய ஒரு கறுப்பு உருவம். கூனிய முதுகு, நீட்டிய கையில் பழம், பின்னால் தொங்கும் வால். குரங்கின் களவுப் புத்தி அந்த முதுகிலேயே தெரிகிறது என்று நடுவர் பாராட்டி எழுதியிருந்தார். அந்த வால், தான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனி என்பது சந்திரகுமாருக்கு மட்டும் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். துணி எடுக்கக் கொல்லைக்குப் போனபோது கீழிருந்து போனில் எடுத்ததாக அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"நாளைக்கே போய் உண்மையச் சொல்லிடுவேன்."

"தாராளமா சொல்லுங்க. அது குரங்கில்ல, சாமிப் பழத்த எடுத்த நான்தான்னு உங்க வாயாலயே சொல்லுங்க. நான் தடுக்கல."

மறுநாள் தலைமை எழுத்தர் கணேஸ் அவர் மேசைக்கே வந்து கைகுலுக்கினார். இவ்வளவு லட்சணமான குரங்கை வீட்டம்மா எங்கே பிடித்தார் என்று கேட்டார். சந்திரகுமார் கோப்பைப் புரட்டினார்.

"எங்க வீட்டையே சுத்திக்கிட்டுக் கெடக்கிறதுதான் சார்."