வந்தவாசித் தொகுதியை விடாத மைக்செட்

வந்தவாசிப் பாராளுமன்றத் தொகுதி ஒழிந்துபோனது டெல்லியிலிருந்து தெள்ளார் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஜீவன் எங்கள் தெரு ‘மைக்செட்’தான். தெரியாது என்பதைவிட, ஒப்புக்கொள்ளவில்லை என்பதே சரி.

மனிதர் தெள்ளார்க்காரர். வாலிபத்தில், எந்தக் கட்சி கூப்பிட்டாலும் ஜீப்பில் ஏறி, “வந்தவாசிப் பாராளுமன்றத் தொகுதி வாக்காளப் பெருமக்களே!” என்று தொண்டை கிழியக் கத்தியவர். கல்யாணம் கட்டி ஆரணிக்கு வந்தார். பின்னாலேயே தொகுதியும் வந்துவிட்டது. மறுவரையறையில் வந்தவாசியை எடுத்துவிட்டு ஆரணி என்று வைத்துவிட்டார்கள். மைக்செட்டின் நாக்குக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

அடுத்த தேர்தலில் ஆரணி பஜாரிலேயே ஆட்டோவில் வந்து “வந்தவாசி” என்று முழங்கினார். நான் என் புடவைக் கடையிலிருந்து, “யோவ், இது ஆரணிய்யா!” என்று கத்தினேன்.

“ஆரணி நேத்து வந்த தொகுதிங்க. கொஞ்சம் வளரட்டும்,” என்றார், மைக்கிலேயே.

அன்றிலிருந்து அவர் ஆட்டோ வந்தால் நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். ‘வந்தவாசி’ வந்ததும் ஒரே சிரிப்பு. அப்புறம்தான் தறி ஓடும். கல்யாண வீட்டு மைக்கிலும் “வந்தவாசித் தொகுதிக்குட்பட்ட ஆரணி” என்றுதான் மணமக்களை வாழ்த்துவார்.

போன தேர்தலில் வந்தது வினை. வேட்பாளரே மேடையேறும் கூட்டம். கட்சியின் நகரச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: “இதப் பாரு, இன்னிக்கு வந்தவாசின்னு வாய்லேந்து வந்துது, மைக்கு உனுக்கு இத்தோட சரி. போன்ல வேற குரலப் பதிஞ்சி ஓட்டிகினு போயிடுவோம்.”

மைக்செட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாயங்காலம் வரை டீக்கடை ஓரமாக நின்று, “ஆரணி, ஆரணி” என்று ஜபித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் வேறு வந்து, “மைக்கப் புடுங்கிட்டா ஊட்ல குந்திகினு என் உசுரத்தான் வாங்குவ. ஒயுங்கா சொல்லிடுய்யா சாமி!” என்று கும்பிட்டார்.

மேடையேறினார். “ஆரணிப் பாராளுமன்றத் தொகுதி வாக்காளப் பெருமக்களே!”

சுத்தமாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு கைதட்டல் இல்லை, ஒரு விசில் இல்லை. பெருமக்கள் ஏமாந்த முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக்செட் அழுதுவிடுவார் போலிருந்தது.

“இன்னாண்ணே, வந்தவாசி எங்க?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். மைதானமே “வந்தவாசி! வந்தவாசி!” என்று பிடித்துக்கொண்டது. மைக்செட் பயந்துபோய்ச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலையில் அடித்துக்கொண்டு, “சொல்லித் தொலைய்யா!” என்றார்.

சொன்னார் பாருங்கள்! வேட்பாளரே எழுந்து நின்று கைதட்டினார்.

கத்தியது யார் என்று மைக்செட் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மனுஷன் வாயால் வந்தவாசி என்று கேட்காமல், எனக்கு ஓட்டுப்போடப் போக மனசே வராது.